லீசே மைட்னர் – அணுவின் உள்ளே நடப்பதை விளக்கிய பெண்மணி

1. அறிமுகம்

மாணவர்களே, விஞ்ஞானப் பாடத்தில் வரும் விதிகளும் விளைவுகளும் பெரும்பாலும் ஒருவருடைய பெயரைத் தாங்கியுள்ளன. அப்பெயரை மனனம் செய்தால் பரீட்சையில் ஒரு புள்ளி கிடைக்கும். அவ்விளைவு ஏன் நிகழ்கிறது என விளக்கத் தெரிந்தவருக்கே எஞ்சிய புள்ளிகள் கிடைக்கும். ஒஸ்திரியா நாட்டுப் பௌதிகவியலாளரான லீசே மைட்னர் அம்மையாரின் வாழ்க்கை இந்த உண்மையை நன்கு உணர்த்துவதாகும். அணு ஒன்று தன் மிகைச் சக்தியை ஓர் இலத்திரனிடம் கொடுத்து வெளியேற்றும் விதத்தை 1922 இல் அவர் விளக்கினார். அவ்விளைவு பிரான்ஸ் நாட்டவர் ஒருவரின் பெயரால் வழங்குகிறது. யுரேனியத்தின் கரு இரண்டாகப் பிளக்கிறது என்பதற்கு 1939 இல் விளக்கம் தந்தார். அதற்கான நோபல் பரிசு அவருடைய சக ஆய்வாளருக்கு மட்டும் வழங்கப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளும் ஒரே வகையானவையா என்பதைச் சிந்தித்தவாறே இப்பகுதியை வாசிக்குக.

2. இளமையும் கல்வியும்

லீசே மைட்னர் 1878 நவம்பர் 7 ஆம் திகதி வியன்னா நகரில் பிறந்தார். தந்தையார் பிலிப் மைட்னர் ஒரு சட்டத்தரணி. எட்டுப் பிள்ளைகளுள் லீசே மூன்றாமவர். அக்காலத்தில் வியன்னாவில் பெண்பிள்ளைகளின் பாடசாலைக் கல்வி 14 வயதோடு முடிவுற்றது. ஒஸ்திரியப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் சேரலாம் என்ற அனுமதி 1897 இலேயே வந்தது. ஆனால் நுழைவுப் பரீட்சைக்குரிய பாடங்களை அவர்கள் பாடசாலையிற் கற்றிருக்கவில்லை. எனவே லீசே தனிப்பட்ட முறையில் ஆசிரியரிடம் பயின்றார். பல ஆண்டுப் பாடங்களை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குள் கற்றுமுடித்து 1901 இல் பரீட்சைக்குத் தோற்றினார். அவருடன் தோற்றிய 14 பெண்களுள் நால்வரே சித்தியடைந்தனர். லீசே அந்நால்வருள் ஒருவர்.

வியன்னாப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பௌதிகம் கற்பித்தவர் லுட்விக் போல்ட்ஸ்மன். அணுக்கள் உண்மையில் உள்ளனவா என்று அறிஞர்கள் பலர் ஐயுற்றிருந்த காலத்தில், அணுக்களைக்கொண்டு வெப்பத்தின் இயல்பை விளக்கியவர் அவர். அளந்து பெற்ற எண்களுக்குப் பின்னால் என்ன நிகழ்கிறது என்று கேட்கும் பழக்கத்தை லீசே அவரிடமிருந்தே பெற்றார் எனலாம். 1906 இல் லீசே கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்திற் பௌதிகத்தில் அப்பட்டத்தைப் பெற்ற இரண்டாவது பெண்மணி அவராவார்.

3. பேர்லினில் ஒரு தச்சுப் பட்டறை

1907 இல் மக்ஸ் பிளாங்கின் விரிவுரைகளைக் கேட்பதற்காக மைட்னர் ஜேர்மனியின் பேர்லின் நகருக்குச் சென்றார். அங்கு தம்மை ஒத்த வயதினரான ஒட்டோ ஹான் என்ற இரசாயனவியலாளரைச் சந்தித்தார். கதிர்த்தொழிற்பாடு அப்போது புதிய துறை. ஒரு பதார்த்தத்தைப் பிரித்தெடுப்பதற்கு இரசாயனவியலாளர் வேண்டும். அதிலிருந்து வரும் கதிரை அளந்து விளக்குவதற்குப் பௌதிகவியலாளர் வேண்டும். இவ்வாறு தொடங்கிய கூட்டுமுயற்சி 30 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

ஹான் பணிபுரிந்த இரசாயன நிறுவனத்தின் தலைவர் எமில் பிஷர். பெண்கள் ஆய்வுகூடத்தினுள் வருவதை அவர் அனுமதிப்பதில்லை. இறுதியில் ஒரு நிபந்தனையோடு இசைந்தார். நிலக்கீழ்த் தளத்தில், வெளிவாசல் வழியாகச் செல்லக்கூடிய பழைய தச்சுப் பட்டறை ஒன்றில் மட்டும் மைட்னர் வேலை செய்யலாம். மாடியிலுள்ள ஆய்வுகூடங்களுக்குச் செல்லக்கூடாது. கழிவறைக்குக்கூட அயலிலிருந்த உணவகம் ஒன்றுக்கே அவர் செல்லவேண்டியிருந்தது. சம்பளமும் இல்லை, தந்தையார் அனுப்பிய சிறு தொகையில் வாழ்ந்தார். பிரஷ்ய அரசு 1908 இல் பெண்களுக்குப் பல்கலைக்கழகங்களைத் திறந்துவிட்ட பின்னரே இத்தடை நீங்கியது.

1912 இல் பிளாங்க் அவரைத் தமது உதவியாளராக நியமித்தார். 34 ஆவது வயதை அணுகும் வேளையில் அவர் பெற்ற முதலாவது சம்பளப் பதவி இதுவே. அதே ஆண்டில் திறக்கப்பட்ட கைசர் வில்ஹெல்ம் இரசாயன நிறுவகத்துக்கு ஹானும் மைட்னரும் இடம்மாறினர். முதலாம் உலகப் போரின்போது மைட்னர் ஒஸ்திரியப் படையின் மருத்துவமனைகளில் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் தாதியாகத் தொண்டாற்றினார். பின்னர் பேர்லினுக்குத் திரும்பி, 91 ஆம் மூலகமாகிய புரோத்தக்தினியத்தை ஹானுடன் இணைந்து கண்டறிந்து 1918 இல் வெளியிட்டார். 1926 இல் பேர்லின் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். ஜேர்மனியில் பௌதிகப் பேராசிரியர் பதவி பெற்ற முதற் பெண்மணி அவரே.

4. 1922 – கதிரின்றி நிகழும் மாற்றம்

இனி அவருடைய முதலாவது பெரிய விளக்கத்தைப் பார்ப்போம். இதனைக் கலைப்பிரிவு மாணவரும் இலகுவில் விளங்கிக்கொள்ளலாம்.

அணுவின் நடுவில் கரு உண்டு. அதனைச் சுற்றி இலத்திரன்கள் ஓடுகளில் அமைந்துள்ளன. உள்ளோட்டில் உள்ள இலத்திரனைக் கரு மிக வலுவாகப் பற்றியிருக்கும். வெளியோட்டில் உள்ளதன் பிடி தளர்வானது. எக்ஸ் கதிரோ, கருவிலிருந்து வரும் காமாக் கதிரோ தாக்கி உள்ளோட்டு இலத்திரன் ஒன்று வெளியேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஒரு வெற்றிடம் ஏற்படும். அதனை நிரப்புவதற்கு வெளியோட்டு இலத்திரன் ஒன்று உள்ளே விழும். மேலிருந்து கீழே விழும் பொருள் சக்தியை இழப்பதுபோல இந்த இலத்திரனும் சக்தியை இழக்கும். அச்சக்தி எங்கே செல்லும்?

அது ஓர் எக்ஸ் கதிராக வெளியே செல்லலாம் என்பதை அக்கால அறிஞர் அறிந்திருந்தனர். மைட்னர் பீற்றாக் கதிர்களின் சக்தியை அளந்துகொண்டிருந்தபோது, கருவிலிருந்து வந்தவை எனக் கொள்ள முடியாத சில இலத்திரன்களும் அவற்றோடு இருக்கக் கண்டார். வேறொரு வழியும் உண்டு என்று அவர் விளக்கினார். விழுகின்ற இலத்திரன் இழந்த சக்தியை அதே அணுவிலுள்ள இன்னோர் இலத்திரன் பெற்றுக்கொண்டு அணுவைவிட்டே வெளியேறிவிடும். இங்கு எக்ஸ் கதிர் எதுவும் வெளிவராது. ஆகவே இது கதிரின்றி நிகழும் மாற்றம் எனப்படும்.

நம் பகுதியிலே அரியாலைத் தோட்டக் கிணறுகளில் முன்னாளில் இருந்த துலாவை நினைத்துப் பாருங்கள். ஒருவர் துலாவின் ஒரு முனையை நோக்கி மிதிக்க அது தாழும். அதே கணத்தில் மறுமுனை உயரும். ஒன்றின் இறக்கம் மற்றதன் ஏற்றமாகிறது. அணுவினுள்ளும் ஓர் இலத்திரனின் வீழ்ச்சி மற்றோர் இலத்திரனின் வெளியேற்றமாகிறது.

கணக்கிடும் முறை வருமாறு (எண்கள் விளக்கத்திற்காக மட்டும்). உள்ளோட்டு இலத்திரனை அகற்ற 100 அலகு சக்தியும், வெளியோட்டு இலத்திரன் ஒவ்வொன்றையும் அகற்ற 15 அலகு சக்தியும் தேவை எனக் கொள்க. வெளியோட்டு இலத்திரன் ஒன்று உள்ளே விழும்போது 100 − 15 = 85 அலகு கிடைக்கும். அதைப் பெற்ற மற்ற இலத்திரன் 15 அலகைச் செலவிட்டு விடுபடும். எஞ்சிய 70 அலகு அதன் இயக்கசக்தியாகும். முதலில் தாக்கிய எக்ஸ் கதிர் 200 அலகாயினும் 500 அலகாயினும் இந்த 70 மாறாது. ஆகவே வெளிவரும் இலத்திரனின் சக்தி, அது எந்த அணுவிலிருந்து வந்தது என்பதைக் காட்டும் கைரேகைபோல அமைகிறது.

கவனிக்க: பாரம் குறைந்த மூலகங்களில் இலத்திரன் வெளியேறும் வழியே மேலோங்கும். பாரமான மூலகங்களில் எக்ஸ் கதிர் வெளிவரும் வழி மேலோங்கும். மிக உள்ளேயுள்ள ஓட்டைப் பொறுத்தவரை, அணுவெண் 30 உடைய நாகத்தின் அளவில் இரு வழிகளும் ஏறத்தாழச் சமமாகும்.

5. பெயர் யாருக்கு?

மைட்னரின் கட்டுரை 1922 இல் ஜேர்மன் மொழிச் சஞ்சிகை ஒன்றில் வெளியாயிற்று. அதன் தலைப்பும் பெரும்பகுதியும் பீற்றாக் கதிர்களைப் பற்றியவை. கதிரின்றி நிகழும் மாற்றம் அதன் ஒரு கூறாகவே இடம்பெற்றது. 1923 இல் பாரிஸ் நகரில் பியர் ஓஜே என்ற இளம் ஆய்வாளர், முகில் அறை எனப்படும் கருவியினுள் எக்ஸ் கதிரைச் செலுத்தி இலத்திரன்களின் பாதைகளைப் படம்பிடித்தார். ஒரே புள்ளியிலிருந்து இரண்டு பாதைகள் புறப்படுவதை அவர் கண்டார். எக்ஸ் கதிரின் சக்தியைக் கூட்டியபோது ஒரு பாதை நீண்டது, மற்றது மாறவில்லை. அவர் தாமாகவே அதே முடிவுக்கு வந்தார். விளைவு ஓஜே விளைவு எனப் பெயர்பெற்றது.

ஓஜே எவருடைய கண்டுபிடிப்பையும் கவரவில்லை என்பதை மாணவர் மனத்திற்கொள்ள வேண்டும். அவருடைய சோதனை நேர்மையானது. அவருடைய படங்கள் கண்ணுக்கு நேரே விளைவைக் காட்டின. பீற்றாக் கதிர் பற்றிய விவாதத்தின் நடுவே மைட்னரின் விளக்கம் மறைந்துபோனமையாலேயே பெயர் ஒருவரை மட்டும் சார்ந்தது. 2019 இல் அமெரிக்கப் பௌதிகச் சஞ்சிகை ஒன்றில், இதனை ஓஜே–மைட்னர் விளைவு என வழங்கவேண்டும் என்ற முன்மொழிவு வெளியானது. ஆய்வாளர் பலர் இப்போது அவ்வாறே எழுதுகின்றனர்.

1929 இல் மைட்னர் மற்றொரு முக்கியமான அளவீட்டையும் நிறைவேற்றினார். கருவிலிருந்து வரும் பீற்றாத் துணிக்கைகள் நிலையான ஒரே சக்தியை உடையனவாகவே இருக்கும் என அவர் நம்பியிருந்தார். இங்கிலாந்தின் சார்ல்ஸ் எல்லிஸ் என்பவர் அதனை மறுத்தார். மைட்னர் தாமே சோதனையை மீளச் செய்து, எல்லிஸ் கூறியதே சரியென ஏற்றுக்கொண்டார். இந்த முடிவே 1930 இல் வொல்ப்காங் பவுலி நியூத்திரினோ என்னும் துணிக்கையைக் கருத்தளவில் முன்வைப்பதற்கு அடிப்படையாயிற்று.

6. 1938 – நாட்டைவிட்டு வெளியேறல்

மைட்னர் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். இளமையிலேயே புரட்டஸ்தாந்து கிறிஸ்தவத்தைத் தழுவியிருந்தார். எனினும் 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பல்கலைக்கழகத்திற் கற்பிக்கும் உரிமை அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அவர் ஒஸ்திரியப் பிரசையாக இருந்தமையால் ஆய்வு நிறுவகத்தில் தொடர்ந்து பணிபுரிய முடிந்தது. 1938 மார்ச் மாதத்தில் ஜேர்மனி ஒஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அத்தோடு அவருடைய கடவுச்சீட்டும் செல்லுபடியற்றதாயிற்று.

நெதர்லாந்துப் பௌதிகவியலாளர் டேர்க் கோஸ்டர் அவரை அழைத்துச்செல்வதற்காகப் பேர்லினுக்கு வந்தார். 1938 ஜூலை 13 ஆம் திகதி மைட்னர் புகையிரதத்தில் எல்லையைக் கடந்தார். அவருடைய கையில் இருந்தவை இரண்டு சிறு பயணப்பெட்டிகளும் 10 மார்க் பணமும், எல்லைக் காவலருக்குக் கொடுக்க நேர்ந்தால் உதவட்டும் என்று ஹான் கொடுத்த, அவருடைய தாயாரின் வைர மோதிரமுமே. அப்போது அவருக்கு வயது 59. பின்னர் சுவீடனின் தலைநகரான ஸ்டொக்ஹோமில் மன்னே சீக்பான் என்பவரின் நிறுவகத்தில் இடம் கிடைத்தது. ஆயினும் அங்கு அவருக்குத் தக்க கருவிகளோ உதவியாளரோ கிடைக்கவில்லை.

1933 இலேயே தாம் ஜேர்மனியைவிட்டு வெளியேறாதது ஒழுக்கரீதியான தவறென்று போரின்பின் மைட்னர் தம்மைத் தாமே கண்டித்துக்கொண்டார். பிறரிடம் கேட்ட கேள்வியைத் தம்மிடமும் கேட்டவர் அவர்.

7. பனியில் ஒரு கணக்கு

1934 முதல் மைட்னர், ஹான் ஆகிய இருவரும் யுரேனியத்தை நியூத்திரன்களால் தாக்கி ஆராய்ந்துவந்தனர். பிறிட்ஸ் ஸ்ட்ராஸ்மன் என்ற இளம் இரசாயனவியலாளரும் அவர்களுடன் இணைந்தார். மைட்னர் வெளியேறிய பின்னரும் ஹான் கடிதமூலம் அவரோடு கலந்தாலோசித்துவந்தார். 1938 டிசம்பரில் ஹானிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தாக்கப்பட்ட யுரேனியத்திலிருந்து றேடியம் தோன்றும் என எதிர்பார்த்திருந்தனர், கிடைத்ததோ பேரியம். யுரேனியத்தின் அணுவெண் 92. பேரியத்தின் அணுவெண் 56. இவ்வளவு பெரிய மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என ஹான் வினவியிருந்தார்.

அவ்வேளை மைட்னர் சுவீடனின் குங்கெல்வ் என்னும் சிற்றூரில் நத்தார் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தார். அவருடைய சகோதரியின் மகனும் பௌதிகவியலாளருமான ஒட்டோ பிரிஷ் உடனிருந்தார். இருவரும் பனி மூடிய வெளியில் நடந்துசென்று, ஒரு மரக்குற்றியில் அமர்ந்து கடதாசித் துண்டுகளிற் கணக்கிட்டனர்.

கருவை ஒரு நீர்த்துளியாகக் கருதினர். துளியைச் சேர்த்துவைப்பது அதன் மேற்பரப்பிழுவிசை. யுரேனியக் கருவில் 92 புரோத்தன்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் அவ்விழுவிசை பெரும்பாலும் ஈடுசெய்யப்பட்டுவிடும். எனவே ஒரு நியூத்திரனின் சிறு தாக்குதலாலும் துளி நீண்டு, இடையிற் குறுகி, இரண்டாகப் பிரியலாம். பிரிந்த இரு துண்டுகளும் ஒன்றையொன்று தள்ளுவதால் ஏறத்தாழ 20 கோடி இலத்திரன்வோல்ற்றுச் சக்தி பெறவேண்டும். அச்சக்தி எங்கிருந்து வந்தது? துண்டுகளின் மொத்தத் திணிவு மூலக் கருவைவிட ஒரு புரோத்தனின் திணிவில் ஐந்திலொரு பங்களவு குறைவு என மைட்னர் கணக்கிட்டார். ஐன்ஸ்ரைனின் சமன்பாட்டின்படி அத்திணிவுக்குரிய சக்தியும் ஏறத்தாழ 20 கோடி இலத்திரன்வோல்ற்றே. இரு கணக்குகளும் ஒத்துப்போயின. ஒரு காபன் அணு எரியும்போது வெளிவருவது சுமார் 4 இலத்திரன்வோல்ற்று மட்டுமே என்பதை ஒப்பிட்டு நோக்குக.

ஹானும் ஸ்ட்ராஸ்மனும் பேரியம் பற்றிய கட்டுரையை 1939 ஜனவரி 6 இல் வெளியிட்டனர். மைட்னர், பிரிஷ் ஆகியோரின் விளக்கம் 1939 பெப்ரவரி 11 இல் இங்கிலாந்துச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. கருப்பிளவு என்ற பெயரை உயிரியலில் வரும் கலப்பிளவிலிருந்து எடுத்துச் சூட்டியவர்கள் இவர்களே.

8. நோபல் பரிசும் பிற்காலமும்

1944 ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் வழங்கப்பட்டது. இது 1945 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. மைட்னரின் பெயர் வாழ்நாளில் நாற்பது தடவைக்கு மேல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் அவர் அதனைப் பெறவில்லை. ஸ்ட்ராஸ்மனும் பெறவில்லை, பிரிஷும் பெறவில்லை.

இதற்கும் ஓஜே விளைவுக்கும் உள்ள வேறுபாட்டை நோக்குக. அங்கு இருவர் தனித்தனியே ஒன்றைக் கண்டனர். பெயர் ஒருபக்கம் சாய்ந்தது. இங்கோ ஒரே குழுவாக நான்கு ஆண்டுகள் உழைத்தவருள் ஒருவர் அரசியற் கொடுமையால் வெளியேற்றப்பட்டார். வெளியேற்றப்பட்டவருடைய பெயரை ஜேர்மனியில் வெளியாகும் கட்டுரையிற் சேர்ப்பதும் அந்நாளில் ஆபத்தாக இருந்தது. கட்டுரையில் பெயர் இல்லாமை பின்னர் பங்களிப்பே இல்லாமைபோலக் கொள்ளப்பட்டது. ஹானும் இதனை இரசாயனப் பகுப்பின் வெற்றியாகவே பெரிதும் எடுத்துரைத்தார். ஆயினும் மைட்னர் அவரோடு நட்பை முறித்துக்கொள்ளவில்லை.

அணுகுண்டுத் திட்டத்திற் சேருமாறு வந்த அழைப்பை மைட்னர் 1943 இல் மறுத்தார். குண்டோடு தமக்கு எவ்விதத் தொடர்பும் வேண்டாம் என்பதே அவருடைய நிலைப்பாடு. 1955 இல் இலண்டன் ரோயல் சங்கம் அவரை வெளிநாட்டு உறுப்பினராகத் தெரிந்தது. 1960 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிற் குடியேறினார். 1966 இல் அமெரிக்காவின் என்றிக்கோ பேர்மி விருது மைட்னர், ஹான், ஸ்ட்ராஸ்மன் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. 1968 ஒக்ரோபர் 27 இல் தமது 89 ஆவது வயதில் காலமானார். 109 ஆம் மூலகத்துக்கு 1997 இல் மைட்னேரியம் என்ற பெயர் உத்தியோகபூர்வமாக வழங்கப்பட்டது.

9. மைட்னருக்குப் பின் – பிரிந்துகொண்டே தேயும் மூலக்கூறு

மைட்னரின் 1922 ஆம் ஆண்டு விளக்கம் தனி அணுவுக்கு உரியது. அணு ஒரு மூலக்கூறின் உறுப்பாக இருந்தால் என்ன நிகழும் என்ற வினாவைப் பின்வந்தோர் எழுப்பினர். மன்னே சீக்பானின் மகன் கை சீக்பான், வெளிவரும் இலத்திரன்களின் சக்தியை நுட்பமாக அளக்கும் முறையை வளர்த்து 1981 இல் நோபல் பரிசிற் பங்குபெற்றார். இம்முறை மூலக்கூறுகளின் உள்ளே நடப்பதை அறிவதற்கு வழிதிறந்தது.

ஐதரசன் புரோமைட்டு மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். அதில் ஓர் ஐதரசன் அணுவும் ஒரு புரோமீன் அணுவும் பிணைந்துள்ளன. தக்க சக்தியுள்ள கதிரால் புரோமீனின் உட்பகுதி இலத்திரன் ஒன்றை, பிணைப்பைத் தளர்த்தக்கூடிய ஒரு வெற்றிடத்துக்கு உயர்த்தலாம். இதனை உள்ளோட்டு அருட்டல் எனலாம். இப்போது இரண்டு செயல்கள் ஒரே நேரத்திற் போட்டியிடுகின்றன. ஒன்று, உள்வெற்றிடம் நிரம்பி ஓர் இலத்திரன் வெளியேறுதல். இதற்கு எடுக்கும் காலம் சில பெம்ரோ செக்கன்கள். ஒரு பெம்ரோ செக்கன் என்பது ஒரு செக்கனின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு. மற்றது, தளர்ந்த பிணைப்பு அறுந்து இரு அணுக்களும் விலகுதல். ஐதரசன் மிகவும் இலேசான அணுவாகையால் இதுவும் ஏறத்தாழ அதேயளவு வேகத்தில் நிகழ்கிறது.

ஓர் உவமை கூறலாம். அரியாலையிலிருந்து கண்டி வீதியாற் புறப்படும் சகோதரர் இருவர் நாவற்குழிச் சந்திவரை ஒன்றாகச் செல்கின்றனர். பின் ஒருவர் சாவகச்சேரிக்கும் மற்றவர் பூநகரிக்கும் பிரிகின்றனர். வழியில் ஒரு கடிதம் தபாலிற் சேர்க்கவேண்டும். சந்திக்கு முன் சேர்த்தால் அதில் இருவரின் கையொப்பமும் இருக்கும். சந்திக்குப் பின் சேர்த்தால் ஒருவரின் கையொப்பமே இருக்கும். கடிதத்தைப் பெறுபவர் கையொப்பத்தைப் பார்த்தே அது எங்கு சேர்க்கப்பட்டது என அறிவார். இங்கு கடிதம் என்பது வெளிவரும் இலத்திரன். அதன் சக்தி மூலக்கூறுக்குரியதாயின் பிணைப்பு அறுமுன் தேய்வு நிகழ்ந்தது. தனிப் புரோமீனுக்குரியதாயின் பிணைப்பு அறுந்தபின் நிகழ்ந்தது. 1986 இல் பிரான்ஸ் நாட்டின் போல் மோறன், ஐரீன் நெனே ஆகியோர் ஐதரசன் புரோமைட்டில் தனிப் புரோமீன் அணுவுக்குரிய இலத்திரன்களைக் கண்டனர். இலத்திரன் வெளியேறும் முன்னரே மூலக்கூறு பிரிந்துவிடக்கூடும் என்பது இதனால் தெளிவாயிற்று.

இதனைக் கணக்கால் விளக்குவோர் மூன்று படிகளைக் கையாளுகின்றனர்.

(அ) அணுக்களுக்கிடையிலான தூரத்துக்கு எதிரே சக்தியைக் குறித்து வளையிகள் வரைதல். தொடக்கநிலை, அருட்டியநிலை, இலத்திரன் வெளியேறிய பின்னான இறுதிநிலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் வளையிகள் உண்டு. கனமான கருக்கள் மெதுவாகவும் இலத்திரன்கள் விரைவாகவும் இயங்குவதால் இவ்வாறு பிரித்துக் கணிக்கலாம் என்பதை 1927 இல் மக்ஸ் போர்ன், ரொபேட் ஒப்பன்ஹைமர் ஆகியோர் காட்டினர்.

(ஆ) அருட்டியநிலை வளையியில் அணுக்கள் விலகிச்செல்லும் இயக்கத்தைக் கணித்தல். அவ்வியக்கத்தின்போது ஒவ்வொரு கணத்திலும் தேய்வுக்கு ஒரு வாய்ப்பு உண்டு.

(இ) எல்லாக் கணங்களின் பங்களிப்பையும் ஒன்றுசேர்த்தல். இங்கேதான் நமது கடித உவமை போதாமற் போகிறது. கடிதம் ஏதோ ஓரிடத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கும். இலத்திரனைப் பொறுத்தவரை வெவ்வேறு கணங்களின் பங்களிப்புகள் குளத்து அலைகள்போல ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் விளைவைத் தருகின்றன.

அருட்டலையும் தேய்வையும் தனித்தனி நிகழ்வுகளாகக் கொள்ளாமல் ஒரே நிகழ்வாகக் கணிக்கும் இம்முறையின் மூலச் சூத்திரத்தை 1925 இல் கிராமர்ஸ், ஹைசன்பேர்க் ஆகியோர் அமைத்தனர். அதே சூத்திரம் முன்னுரைத்த ஒளிச்சிதறல் விளைவையே தமிழ்நாட்டைச் சேர்ந்த சேர் சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928 இல் கல்கத்தாவிற் சோதனைமூலம் கண்டனர் என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது.

அளவீட்டில் தோன்றும் ஒரு வேறுபாட்டையும் இக்கணிப்பு விளக்குகிறது. பிணைப்பு இருக்கும்போது அருட்டியநிலைக்கும் இறுதிநிலைக்கும் இடையேயான சக்தி வேறுபாடு தூரத்தோடு மாறும். ஆகவே இலத்திரன்களின் சக்தி பரந்து காணப்படும். அணுக்கள் போதிய தூரம் விலகியபின் அவ்வேறுபாடு மாறுவதில்லை. எனவே தனி அணுவின் இலத்திரன்கள் ஒரே சக்தியுடன் கூரிய கோடாகத் தோன்றும்.

இவ்வாராய்ச்சியாற் பயன் யாது? எக்ஸ் கதிர் உடலிற் பட்டால் உயிர்மூலக்கூறுகள் எவ்வாறு சிதைகின்றன என்பதை அறிய இது உதவுகிறது. அயடீன் 125 போன்ற கதிர்த்தொழிற்பாட்டு அணுக்கள் வெளிவிடும் குறைந்த சக்தி இலத்திரன்கள் மிகக் குறுகிய தூரமே செல்லும். அவற்றைப் புற்றுநோய்க் கலத்தை மட்டும் அழிப்பதற்குப் பயன்படுத்தலாமா என்ற ஆய்வும் நடைபெறுகின்றது. உலோகங்களின் மேற்பரப்பில் எந்த மூலகங்கள் உள்ளன என்பதை அறியவும் ஓஜே–மைட்னர் இலத்திரன்கள் பயன்படுகின்றன.

10. மதிப்பீடு

மைட்னர் இருமுறை ஒரே விதமான வேலையைச் செய்தார். 1922 இல் கணக்கிற் பொருந்தாத சில இலத்திரன்கள் இருந்தன. 1938 இல் எதிர்பாராத பேரியம் இருந்தது. இரு தடவையும் சக்தி எங்கிருந்து வந்து எங்கே சென்றது என்று கேட்டு, இறுதிவரை கணக்குப் பார்த்தார். அவருக்குக் கதவைப் பூட்டியவர்கள் பலர். பெண் என்பதற்காக நிலக்கீழ்த் தளம், பிறப்புக்காக நாடுகடப்பு, பின்னர் பரிசு மறுப்பு. ஆயினும் அந்த விளக்கங்களை எவராலும் பூட்டிவைக்க முடியவில்லை. மூலக்கூறு பிரிவதைக் கணினியிற் கணிக்கும் இன்றைய ஆய்வாளரும் அவர் கேட்ட வினாவையே கேட்கின்றார்.

மாணவர்களே, ஒரு விளைவின் பெயரை எழுதும்போது அதன்கீழ் ஒரு வரியிலாவது அதன் காரணத்தையும் எழுதப் பழகுக. அப்பழக்கம் புள்ளிகளைத் தரும். உரியவருக்கு உரிய மதிப்பையும் தரும்.

நினைவிற் கொள்க

1878 – வியன்னாவிற் பிறப்பு
1906 – கலாநிதிப் பட்டம்
1907 – பேர்லின் செல்லல்; ஹானுடன் கூட்டாய்வு
1918 – புரோத்தக்தினியம் பற்றிய வெளியீடு
1922 – கதிரின்றி நிகழும் மாற்றம் பற்றிய விளக்கம்
1926 – பேராசிரியர் பதவி
1938 – ஜேர்மனியிலிருந்து வெளியேறல்
1939 – கருப்பிளவு பற்றிய விளக்கம்
1966 – என்றிக்கோ பேர்மி விருது
1968 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. உள்ளோட்டு வெற்றிடம் நிரம்பும்போது வெளிப்படும் சக்தி செல்லக்கூடிய இரு வழிகளையும் குறிப்பிடுக.
2. உள்ளோட்டு இலத்திரனை அகற்ற 300 அலகும் வெளியோட்டு இலத்திரன் ஒவ்வொன்றையும் அகற்ற 40 அலகும் தேவையெனில், வெளியேறும் இலத்திரனின் இயக்கசக்தி யாது? (விடை: 220 அலகு)
3. ஓஜே விளைவின் பெயரும் கருப்பிளவுக்கான பரிசும் மைட்னருக்குக் கிடைக்காமைக்கான காரணங்களை ஒப்பிட்டு ஒரு பந்தி எழுதுக.
4. ஐதரசனுக்குப் பதிலாக அதனைவிட இருமடங்கு பாரமான ஐதரசன் அணுவைக் கொண்ட புரோமைட்டை எடுத்தால், தனிப் புரோமீனுக்குரிய இலத்திரன்களின் பங்கு கூடுமா, குறையுமா? காரணம் தருக. (குறிப்பு: பாரமான அணு மெதுவாகவே விலகும்.)
5. "விஞ்ஞானத்திற் பெண்கள்" என்னும் தலைப்பில் 200 சொற்களுக்கு மேற்படாத கட்டுரை ஒன்று வரைக.